மரினா பே: மாலையில் போங்கள்

சிங்கப்பூரில் மரினா பே பார்க்க ஒரு நாள் ஒதுக்கினால், காலையிலேயே கிளம்பாதீர்கள். நாங்கள் மதியம் 2 மணிக்கு மெர்லயன் என்ற சிங்கத்தலை மீன் சிலை முன்னால் நின்றோம். படம் எடுக்கக் கண்ணைத் திறக்க முடியவில்லை, கைப்பிடிக் கம்பி தொட்டால் சுட்டது.

4 மணிக்கு மேல் கார்டன்ஸ் பை த பே எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, முதலில் மரினா பராஜுக்கு நடங்கள். 2008-இல் திறந்த அணை இது. கடல்நீரைத் தடுத்து, மரினா பே விரிகுடாவையே நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். மேலே மொட்டைமாடி முழுக்கப் புல்வெளி, பட்டம் விடுகிறவர்கள் கூட்டம். பிள்ளைகள் இருந்தால் கையோடு ஒரு பட்டம் கொண்டுபோங்கள். பாய் ஒன்றும் இருந்தால் நல்லது.

7 மணிவாக்கில் இருட்டும். 7.45-க்கு கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில், சூப்பர்ட்ரீ என்ற உயரமான செயற்கை மரங்களில் விளக்கும் இசையும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், தரையில் படுத்துவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்புறம் மெதுவாக நடந்தால் 9 மணிக்கு மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் முன்னால் நடக்கும் ஸ்பெக்ட்ரா நீரூற்றுக் காட்சிக்குச் சரியாக இருக்கும். இரண்டுமே இலவசம். நேரத்தை மட்டும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மெர்லயனைக் கடைசியில் பாருங்கள், ஹீலிக்ஸ் பாலம் வழியாகச் சுற்றி வந்து. சாப்பாட்டுக்கு லாவ் பா சாட் உணவங்காடிப் பக்கம்தான். குடை மறக்க வேண்டாம்.