குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட் சார்ட்டுக்கு எப்படிக் கோட் போடுவது?

அமெரிக்க மெடிக்கல் கோடிங் (நோயாளியின் சிகிச்சைப் பதிவான சார்ட்டைப் பார்த்து, பில்லுக்கான கோட் எண்களைப் போடுவது) வேலைக்குச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, லேப் சார்ட் சுலபமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. முதல் மாதம் ஒரு ஜிடிடி (குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, பல முறை ரத்தம் எடுத்துப் பார்க்கும் குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட்) சார்ட் வந்தது. மேலே '3 மணி நேர டெஸ்ட்' என்றிருந்தது. 3 மணி என்றால் 3 சாம்பிள் என்று நினைத்து ஒரே கோடோடு அனுப்பிவிட்டேன். ஆடிட்டில் எர்ரர் விழுந்தது. டீம் லீட் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மணிய எண்ணாதம்மா, ட்யூப எண்ணு" என்றார். இன்று வரை அதைத்தான் புதியவர்களுக்கு நானும் சொல்கிறேன்.

அதே மாதிரி ஒரு சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 27 வாரக் கர்ப்பிணி. போன வாரம் 50 கிராம் குளுக்கோஸ் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 152. மருத்துவர் 140-ஐ எல்லையாக வைத்திருப்பதால், அடுத்து 100 கிராம் டெஸ்ட் எழுதியிருக்கிறார். ரத்தம் எடுத்த நேரம்: வெறும் வயிற்றில் 8:05, பிறகு 9:10, 10:10, 11:10.

படி 1: ட்யூபை எண்ணுங்கள்

ரத்தம் எடுத்த நேரங்களை வரிசையாகத் தாளில் எழுதுங்கள். இங்கே நான்கு. 82951 என்ற சிபிடி கோட் (செய்த டெஸ்டையோ சிகிச்சையையோ குறிக்கும் எண்) 3 சாம்பிள் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வரும் ஒவ்வொன்றுக்கும் 82952 ஒரு யூனிட். ஆக, 82951 ஒன்று, 82952 ஒன்று. 82952 ஆட்-ஆன் கோட், தனியாகப் போகாது.

போன வாரத்து 50 கிராம் டெஸ்டுக்கு 82950. வெறும் வயிறு, 1 மணி, 2 மணி என்று எடுக்கும் 75 கிராம் டெஸ்ட்டாக இருந்தால் 82951 மட்டும் போதும்.

படி 2: சேர்க்கக் கூடாததை விடுங்கள்

டினையல், அதாவது பணம் தர மறுப்பது, அதிகம் வருவது இங்கேதான். வெறும் வயிற்று சாம்பிளுக்கு 82947-ஐ (ஒற்றை ரத்தக் குளுக்கோஸ் டெஸ்டின் கோட்) தனியாகப் போடாதீர்கள். அந்த சாம்பிள் அந்த மூன்றில் ஏற்கெனவே ஒன்று. குடிக்கக் கொடுத்த கரைசலின் விலையும் கோடுக்குள்ளேயே அடக்கம். ஒரே நாளில் நாலு முறை குளுக்கோஸ் பார்த்திருக்கிறார்களே என்று மாடிஃபையர் 91 (ஒரே நாளில் அதே டெஸ்டைத் திரும்பச் செய்ததைக் காட்ட, கோடோடு சேர்க்கும் குறி) போடத் தோன்றும். கூடாது. தொடர் சாம்பிள் டெஸ்டுகளுக்கு அது பொருந்தாது என்று சிபிடி புத்தகமே ஜிடிடியை உதாரணம் காட்டிச் சொல்கிறது.

ரத்தம் எடுத்ததற்கான 36415-ம் ஒரே ஒரு முறைதான். நாலு தடவை ஊசி குத்தினாலும் அமெரிக்க அரசின் காப்பீடான மெடிக்கேர் அதை ஒரே சந்திப்பாகத்தான் கணக்கிடுகிறது.

படி 3: டயக்னோசிஸ்

ரிப்போர்ட்டில் எண்கள் அதிகமாக இருப்பதைப் பார்த்ததும் ஓ24.410 என்ற நோய்க் கோடைப் போட்டுவிடாதீர்கள். கர்ப்பகால நீரிழிவு என்று முடிவு செய்வது மருத்துவர், நாம் இல்லை. 'சந்தேகம்' என்று எழுதியிருந்தாலும் அவுட்பேஷன்ட்டில் அதை நோயாகக் கோட் செய்யக் கூடாது. முதல் டெஸ்ட் அசாதாரணம் என்று மருத்துவர் எழுதியிருப்பதால் நம் சார்ட்டுக்கு ஓ99.810, கூடவே வாரத்துக்கு இசட்3ஏ.27. முதலில் வருவது ஓ என்ற எழுத்து, சைபர் இல்லை. அவசரத்தில் இதைத் தட்டிவிடுவோம், க்ளெயிம் (காப்பீட்டிடம் பணம் கேட்டு அனுப்புவது) திரும்பி வந்துவிடும்.

கர்ப்பிணி இல்லாத, எந்த அறிகுறியும் இல்லாத ஒருவருக்குச் சும்மா ஸ்கிரீனிங் என்றால் இசட்13.1.

படி 4: ஃபார்ம்

க்ளெயிம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் கட்டம் 21-ல் டயக்னோசிஸ், 24டி-யில் சிபிடி, 24ஜி-யில் யூனிட். கட்டம் 23-ல் லேபின் க்ளியா எண்ணை (அமெரிக்க லேப்களுக்குத் தரும் சான்றிதழ் எண்) போடுங்கள். வேய்வர் சான்றிதழ் (எளிய டெஸ்டுகளுக்கு மட்டுமான அனுமதி) மட்டும் உள்ள சின்ன கிளினிக், அதற்கென அனுமதித்த கருவியில் பார்த்திருந்தால் கோடுக்குப் பின்னால் க்யூடபிள்யூ மாடிஃபையர் வேண்டும். பெரிய லேபுக்குத் தேவையில்லை.

டெஸ்ட் பாதியில் நின்றால்?

கர்ப்பிணிகளில் இது அடிக்கடி நடக்கும். வெறும் வயிற்றில் அந்த இனிப்பைக் குடித்ததும் சிலருக்கு வாந்தி வந்துவிடும். ஆர்டரில் 100 கிராம் டெஸ்ட் என்றிருக்கும், ட்யூப் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அப்போது 82951 போடாதீர்கள். வெறும் வயிற்று சாம்பிள் மட்டும் எடுத்திருந்தால் 82947. அதோடு குடித்த பிறகு இன்னொரு சாம்பிளும் எடுத்திருந்தால் 82947, 82950 இரண்டும். பணம் தரும் காப்பீட்டு நிறுவனத்தின் (பேயர்) விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அவர் வேறொரு நாள் வந்து டெஸ்டை முழுதாக முடித்தால், அந்தத் தேதிக்குத் தனியாக, முதலிலிருந்து ட்யூபை எண்ணுங்கள்.