டெண்டரில் அநியாயம் நடந்தால் பத்து நாட்களுக்குள் மேல்முறையீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வடிகால், ஊரணிப் படித்துறை, சிமெண்ட் சாலை என்று சிறு வேலைகளை எடுத்துச் செய்பவள் நான். தகுதி இருந்தும் டெண்டரை இழந்தவர்களில் பலர் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று நாளைக் கடத்திவிட்டு, பணி ஆணை கைமாறிய பிறகுதான் சட்டத்தைத் தேடுகிறார்கள். அதற்குள் பொக்லைன் இறங்கிவிடுகிறது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். அதன் 11-வது பிரிவின்படி, டெண்டரில் கலந்துகொண்டவர், முடிவு உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். எனவே உத்தரவு வந்த தபால் உறையைக் கிழித்து எறியாதீர்கள். அதில் இருக்கும் அஞ்சல் முத்திரைதான் உங்கள் தேதிக்குச் சாட்சி.

ஆனால் மேல்முறையீட்டு மனுவின் பலம், டெண்டர் பெட்டி திறக்கும் நாளிலேயே சேர வேண்டும். நேரில் போய் உட்காருங்கள். யார் யார் கவர் போட்டார்கள், வாசித்த விலை என்ன, எந்தத் தாளில் அடித்தல் திருத்தல் இருந்தது, அதில் அதிகாரி சுருக்கொப்பம் இட்டாரா என்று அங்கேயே நோட்டில் எழுதுங்கள். செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஐந்தொகை எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை; அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும். இணையவழி டெண்டர் என்றால் திறப்பு விவரப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள்.

மனுவில் 'ஊழல்', 'சதி' என்று எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாத ஒரு சொல் நிரூபிக்கக்கூடிய பத்து வரிகளைக் கெடுத்துவிடும். ஒரு பேரூராட்சியில், பணியிடத்தைப் பார்வையிட்ட சான்று இல்லை என்று என் கவரைத் தள்ளினார்கள். டெண்டர் ஆவணத்தில் அப்படி ஒரு சான்றைக் கேட்கவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நான் எழுதியது இவ்வளவுதான்: "என் ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்பட்ட காரணம் ஆவணத்தின் எந்த நிபந்தனையிலும் இல்லை. ஆவணத்தில் சொல்லப்பட்ட அளவுகோல்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 10-வது பிரிவு." அதன் கீழே, ஆவணத்தின் நகலில் நிபந்தனைப் பக்கத்தை மஞ்சள் கோடிட்டு இணைத்தேன்.

கோரிக்கையை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: உத்தரவை ரத்து செய்ய வேண்டும், மறுமதிப்பீடு செய்ய வேண்டும், முடிவு தெரியும்வரை பணி ஆணைக்கு இடைக்காலத் தடை வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளருக்கும், ஊராட்சி என்றால் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளருக்கும், சென்னை தலைமைச் செயலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒரு நகலை உள்ளூர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். அலுவலகத்தில் "ஐயா வரட்டும்" என்றால் காத்திருக்காமல் அதையும் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

அன்றைக்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் எல்லோர் விலையையும் ஒப்பிட்ட ஒப்பீட்டுப் பட்டியலையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் அதை எதிர்பார்த்து மேல்முறையீட்டை நிறுத்திவைக்கக் கூடாது.

மேல்முறையீட்டை முடிந்தவரை 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம். பதிலே வராமல் வேலை தொடங்கும் நிலை வந்தால், எங்கள் சிவகங்கை மாவட்டத்துக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைதான் வழி. வழக்கறிஞரிடம் போகும்போது ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் முத்திரை வாங்கிய பிரதியையும் கையோடு எடுத்துப் போங்கள். மேல்முறையீடு செய்தீர்களா என்பதுதான் அங்கே வரும் முதல் கேள்வி.