பழைய ஆம்ப் கைக்கு வந்தால் முதலில் பிளக்கில் சொருகாதீர்கள்

திருச்சியில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. ஸ்விட்சைப் போட்டால் உடனே பாடாது. உள்ளே ஒரு பச்சைக் கண் மெதுவாக விழிக்கும், அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். அப்பா அதுவரை யாரையும் குமிழைத் திருக விடமாட்டார். நாற்பது வருடம் கழித்து அமெரிக்காவின் மிச்சிகனில் உட்கார்ந்து பழைய கிடார் ஆம்ப்களை (கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகளை) நோண்டும்போது, அந்தக் காத்திருப்பை நான் ஒருமுறை மறந்துபோனேன். அதற்கு ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மரை விலையாகக் கொடுத்தேன்.

யாரோ வீட்டைக் காலி செய்யும் விற்பனையில் வாங்கிய ஆம்ப் அது. வீட்டுக்கு வந்ததும் சொருகினேன். சத்தம் அருமையாக இருந்தது. பத்து நிமிடத்தில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் ஏறியது, பிறகு தார் உருகுகிற மாதிரி ஒரு வாடை. பல வருடம் சும்மா கிடந்த கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) உள்ளே ஷார்ட் ஆகி, டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆகவே, அடுத்து வந்த 1966 ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவெர்ப் என்ற ஆம்பில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் பார்ப்பது மட்டும்தான். பின்பலகையைக் கழற்றிவிட்டு டார்ச் அடியுங்கள். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணையில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து வருடம், 1951-க்கு ‘ஏ’ என்று தொடங்கும். இரண்டாவது மாதம். என்னுடையதில் ‘பி ஜே’ (PJ), அதாவது 1966 அக்டோபர். ஸ்பீக்கர் விளிம்பில் 465 என்று தொடங்கினால் செய்தது ஆக்ஸ்போர்டு நிறுவனம், 220 என்றால் ஜென்சன். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்றால் ஷூமேக்கர். அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். என் ஸ்பீக்கர் அந்த வருடத்தின் 37-ஆவது வாரம். அட்டவணையோடு பொருந்துகிறது, ஆகவே அது கூடவே பிறந்த ஸ்பீக்கர். எண்கள் பொருந்தவில்லை என்றால் வாங்கக் கூடாது என்றில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம்.

சேசிஸின் (மின்பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தின்) உள்பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. கலிபோர்னியா ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் வயரிங் செய்தவர்கள் அப்படி எழுதி ஒட்டுவது வழக்கம். அதை உரித்துவிடாதீர்கள். நான் அதைப் பார்த்த பிறகு அரை மணி நேரம் எந்தத் திருகையும் தொடவில்லை.

இனி ஆபத்தான பகுதி. இந்த ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததைக் கண்ணால் பார்க்கப் பழகாதவர்கள் சேசிஸை வெளியே எடுக்கவே வேண்டாம். வால்வு வேலை தெரிந்த ஒரு டெக்னீஷியனிடம் கொடுங்கள். கொடுக்கும்போது கேட்க வேண்டியவை இவை.

ஒன்று, எர்த் உள்ள மூன்று முள் கார்டு. அந்தக் காலத்து ஆம்ப்களில் இரண்டு முள்தான். மெயின்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு சின்ன கண்டன்சர் இருக்கும். இங்கே அதற்கு ‘சாவு கண்டன்சர்’ என்றே பெயர். அது ஷார்ட் ஆனால் 120 வோல்ட் நேராக உங்கள் கிடார் கம்பிக்கு வரும். மைக்கில் உதடு பட்டால் முடிந்தது கதை. அதைப் பிடுங்கி எறியச் சொல்லுங்கள், பழமை பழமை என்று இதில் பக்தி காட்டாதீர்கள்.

இன்னொன்று, எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் எல்லாமே புதிதாக வேண்டும். பிரின்ஸ்டனில் பெரிய வடிகட்டிகள் நான்கும் ஒரே உருளை டப்பாவுக்குள் இருக்கும், பயாஸுக்கு (பவர் வால்வுகளின் ஓட்டத்தை அளவில் வைக்கும் மின்னழுத்தத்துக்கு) தனியாக ஒன்று. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிடுவதால் இவற்றுக்கு ஆயுள் உண்டு. ஆனால் நீல நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கும் சிக்னல் கண்டன்சர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கசிந்தால் மட்டும் மாற்றினால் போதும். ஒரு கடையில் நான் இதைச் சொல்ல மறந்தேன். “எல்லாத்தையும் புதுசாக்கிட்டேன் சார்” என்கிற பாணியில், நல்ல நீலங்கள் மொத்தத்தையும் வெட்டிக் குப்பையில் போட்டிருந்தார்கள். பழையவற்றைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் மின்சாரம் சீரிஸ் போர்டு வழியாகத்தான். நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் அதே சங்கதி, 100 வாட் குண்டு பல்ப் தொடரில். எல்இடி உதவாது. ஏழு வால்வையும் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டால் பல்ப் ஒருமுறை மின்னி மங்க வேண்டும். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கினால் வால்வுகளைப் போட்டு மறுபடி பாருங்கள். இப்போது மிதமாக எரியும், அது சரி. ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் மட்டும் ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கடைசியாக, ஆம்ப் ஓடும்போது சின்ன வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் மணி அடிப்பதை மாற்றுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஆம்ப் 117 வோல்ட், 60 சைக்கிளுக்குச் செய்தது. 230-லிருந்து இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தாராளமான அளவில், எர்த் தொடர்ச்சி உள்ளதாக வாங்குங்கள். நம் 50 சைக்கிளில் ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், மணிக்கணக்கில் ஓடவிட வேண்டாம்.

கிடாருக்கு வருவோம். என்னிடம் இருப்பது கிப்சன் இஎஸ்-175, உள்ளே கூடான உடல் கொண்ட எலக்ட்ரிக் கிடார். 1949-இல் 175 டாலர் விலையில் வந்ததால் அந்தப் பெயர். என் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் கலமசூவின் பார்சன்ஸ் தெரு. அங்கேதான் இவை பிறந்தன. 1984-இல் கிப்சன் மூடிவிட்டுப் போன பிறகு, அங்கே வேலை பார்த்த சிலர் அடுத்த வருடமே அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்று ஆரம்பித்தார்கள்.

இந்தக் கிடாரில் பிரிட்ஜ் (கம்பிகளை உடலின் மேல் தாங்கும் கட்டை) ஒட்டப்படவில்லை, கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதற்கு முன் பிரிட்ஜின் அடியைச் சுற்றி டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். கம்பி பிளாட்வவுண்ட் (தட்டையான பட்டையால் சுற்றியது), தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 முதல் 52 வரையிலான செட், மூன்றாவது கம்பியும் சுற்றியதாக இருக்கட்டும். பழைய மர பிரிட்ஜ் அதற்காகவே செதுக்கப்பட்டது. பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோட்டில்) ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் ஸ்வரத்தையும்) அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் பிரிட்ஜைக் கழுத்திலிருந்து ஒரு நூல் தள்ளிவிடுங்கள், இறங்கினால் கழுத்துப் பக்கம். கம்பியைத் தளர்த்தாமல் இழுத்து மேல்பலகையைக் கீறாதீர்கள், நான் கீறியிருக்கிறேன்.

சத்தம் அமைப்பது இரண்டு நிமிட வேலை. கழுத்துப் பக்க பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), கிடாரில் டோன் பாதி. ஆம்பில் வால்யூம் 3, ட்ரெபிள் 4, பேஸ் 3, ரிவெர்ப் 2-க்கு மேல் போகாது. பிரின்ஸ்டனில் மிட் குமிழ் கிடையாது, ட்ரெபிளையும் பேஸையும் இறக்கினாலே நடுப்பகுதி தானாக முன்னால் வரும். விரல் நுனி சதையில் ஒரு முறை, பிக்கில் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். ஜாஸ் கிடார் மேதை வெஸ் மாண்ட்காமரி கட்டைவிரலோடு நின்றுவிட்டதன் காரணம் காதுக்கே புரியும். இன்னொரு ஜாஸ் கிடார் கலைஞர் ஜிம் ஹால் இதே 175-ஐ கிப்சன் ஜிஏ-50 ஆம்பில் வாசித்தவர். இரண்டும் உரத்த கருவிகள் அல்ல.

சத்தம் கூட்டினால் கிடாரின் வயிறு ஊளையிடும். ஆம்புக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், ஆம்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியில் வையுங்கள், பேஸைக் குறையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் எஃப் வடிவத் துளைக்குள் ஒரு பழைய பனியன். என்னுடையதில் மூன்று வருடமாக இருக்கிறது. மனைவி அதைத் துவைக்கக் கேட்கிறாள்.

ரப்பர் கைப்பிடியுள்ள ஸ்டாண்டில் மட்டும் வைக்காதீர்கள். பழைய நைட்ரோ வார்னிஷை அது இளக்கிவிடும். பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடாக இருந்தால் ஈரப்பதத்தை 45-லிருந்து 50 சதவீதத்தில் வையுங்கள்.