எம்.பி.ஏ.வுக்கு முன் எத்தனை வருஷம் வேலை பார்ப்பது?

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் கேட்பது, "ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, இப்பவே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதிடவா, இன்னும் இருக்கட்டுமா?" வருஷத்திலிருந்து தொடங்காதீர்கள். எந்தப் படிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பன்னேர்கட்டா சாலையில் உள்ள பெங்களூர் ஐ.ஐ.எம்.மையே பாருங்கள். கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் இரண்டு வருடப் படிப்புக்கு அனுபவம் கட்டாயமில்லை. அதே வளாகத்தில் நடக்கும் ஒரு வருட இ.பி.ஜி.பி. படிப்புக்குக் குறைந்தது 5 வருட அனுபவம் வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஒரு வருட பி.ஜி.பி.எக்ஸுக்கு 4 வருடம், ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) நடத்தும் ஒரு வருடப் படிப்புக்கு 24 மாதம்.

இரண்டு வருடப் படிப்பு என்றால் 2 முதல் 3 வருட அனுபவம் போதும். வளாகத் தேர்வில் அனுபவம் உள்ளவர்களுக்கென்று லேட்டரல் சுற்று தனியாக நடக்கும். 2 வருடமாவது இருந்தால்தான் அதில் பெரும்பாலும் இடம். 5 வருடம் தாண்டியவர் இதில் சேர்வது நஷ்டம். சம்பளம் வருடம் 20 லட்சம் என்றால் கைவிடுவது மட்டும் 40 லட்சம், கட்டணம் அதற்கு மேல். அவருக்கு ஒரு வருடப் படிப்பே சரி.

மாதக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். இன்டர்ன்ஷிப், பகுதிநேர வேலை பொதுவாகச் சேராது. ஸ்டைபெண்டில் ஓடிய பயிற்சி மாதங்கள் சேருமா என்பதை அந்தந்த அறிவிப்பில் பாருங்கள். எந்தத் தேதி வரை எண்ணுவார்கள் என்பதும் அதில்தான் இருக்கும். ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், பி.எஃப். கணக்கின் சர்வீஸ் விவரம் மூன்றிலும் சேர்ந்த தேதி ஒன்றா என்று இப்போதே ஒப்பிடுங்கள். சேர்ந்த பிறகு சரிபார்க்கும்போது வித்தியாசம் தெரிந்தால் விளக்கம் எழுதி மாளாது.

ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில் கழித்த எட்டு மாதமும் காகிதத்தில் அனுபவம்தான். நேர்காணலில் அது ஒரே கேள்வியில் வெளியே வந்துவிடும். "பேங்கிங் ப்ராஜெக்டில் டெவலப்பர்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "மாதக் கடைசிக் கணக்கு அறிக்கைக்கு 3 நாள் ஆனது; 4 மணி நேரமாகக் குறைத்தேன்; கிளையன்ட்டிடம் நானே விளக்கினேன்" என்றால் அடுத்த கேள்வி அங்கிருந்தே பிறக்கும். இப்படி இரண்டு வரி எழுத முடியாவிட்டால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் ஆறு மாதம் பொறுத்து, பொறுப்புள்ள வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வருடப் படிப்புகள் ஏற்கும் ஜிமேட் (GMAT) நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 5 வருடம் செல்லும். எனவே படிக்கும் பழக்கம் விட்டுப்போவதற்குள், இரண்டாம் வருடத்திலேயே எழுதி வைக்கலாம். கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும்தான்.

இன்னொரு விஷயம், வேலையை விடுமுன் கொடுக்க வேண்டிய நோட்டீஸ். பெங்களூர் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் 90 நாள். இரண்டு வருடப் படிப்புக்கு இறுதி முடிவு ஏப்ரல், மே வாக்கில் வரும். வகுப்பு ஜூனில் தொடங்கும். முடிவு வந்தபின் ராஜினாமா கொடுத்தால் நாள் போதாது, முடிவு வருமுன் கொடுப்பதும் ஆபத்து. அதனால் ஜனவரியிலேயே நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டி விடுபட வழி உண்டா என்று ஹெச்.ஆர்.இடம் விசாரித்து, அந்தத் தொகையை ஒதுக்கி வையுங்கள்.