ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ஆக எவ்ளோ நாள் ஆகும், சம்பளம் எப்படி வரும்

முதல்ல மெடிக்கல் டெஸ்ட் எடுங்க, அதுவும் நேரா கிளாஸ் 1, அதாவது கமர்ஷியல் பைலட்டுக்கு வேண்டிய மெடிக்கல், ஏன்னா காசெல்லாம் கட்டி முடிச்ச பிறகு கண்ணுலயோ காதுலயோ பிரச்சனைன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சிரும். அப்புறம் பிரைவேட் பைலட் லைசென்ஸ், சர்வதேச விதிப்படி குறைஞ்சது 40 மணி நேரம் பறக்கணும், ஆனா பெரும்பாலானவங்களுக்கு 60, 70 ஆகிடுது, அதுக்கு பயப்படாதீங்க. அடுத்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சம்பளத்துக்குப் பறக்குறதுக்கான லைசென்ஸ், அதுக்கு மொத்தம் 200 மணி நேரம், அரசு விமானத்துறை அங்கீகரிச்ச (அப்ரூவ்டு) கோர்ஸ்னா 150, சில நாட்டுல இதவிட அதிகமா கேப்பாங்க. முழுநேரமா படிச்சா இதுவரைக்கும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும், வேலைக்கும் போய்க்கிட்டு படிச்சா இன்னும் இழுக்கும்.

இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் ரெண்டு மூணு மாசம்தான், ஆனா எனக்கு கஷ்டமா இருந்தது இதான். இத்தனை நாள் இடது சீட்ல உக்காந்து ஓட்டிட்டு இப்ப வலது சீட்டுக்கு மாறணும், லேண்டிங் பண்ணிக்கிட்டே என்ன செய்றோம்னு வாயால விளக்கணும், ஸ்டூடண்ட் தப்பு பண்றப்ப எதுவரைக்கும் விடலாம், எப்ப கன்ட்ரோல வாங்கணும்னு தெரியணும். வீட்ல காலி நாற்காலி முன்னாடி பாடம் எடுத்துப் பழகுங்க, உண்மையிலேயே உதவும்.

சம்பளம் பல இடத்துல பறக்குற மணிக்கணக்குலதான், மழை மேகம்னா ஃப்ளைட் இல்ல, காசும் இல்ல, அதனால சேர்றதுக்கு முன்னாடி மாசத்துக்கு உறுதியா எத்தனை மணி நேரம் தருவீங்க, கிரவுண்ட் கிளாஸ் (தரையில எடுக்குற பாடம்), பிரீஃபிங்குக்கு (பறக்குறதுக்கு முன்னாடி விளக்குறது) காசு உண்டான்னு தெளிவா கேட்டு எழுத்துல வாங்கிடுங்க.