ஓஃபென்பாக்கின் ‘இரண்டு குருடர்கள்’: பாளையங்கோட்டை மேடைக்குக் கொண்டுவரும் வழி

மறந்துபோன பிரெஞ்சு நகைச்சுவை இசைநாடகம் ஒன்றைத் தமிழில் ஏற்ற நினைத்தால் ஓரங்க நாடகத்தில் தொடங்குங்கள். 1855 ஜூலை 5 அன்று இசையமைப்பாளர் ஓஃபென்பாக் பாரிஸில் திறந்த சிறு அரங்குக்கு, மேடையில் மூன்று பேருக்கு மேல் பேசக்கூடாது என்று உரிமத்திலேயே கட்டுப்பாடு இருந்தது. அந்தக் கட்டுப்பாடு நமக்கு வசதி: இரண்டு, மூன்று நடிகர்கள் போதும். அன்று இரவு ஆடிய சிறு உருப்படிகளில் ஒன்றுதான் ‘இரண்டு குருடர்கள்’. பதாஷோன், ஜிராஃபியே என்ற இரண்டு போலிக் குருடர்கள் பாரிஸ் பாலத்தில் பிச்சை எடுக்கும் இடத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள். ஆட்டம் அரை மணி நேரந்தான்; கூட இன்னொரு உருப்படி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓஃபென்பாக் 1880-இல் இறந்தார், வசனம் எழுதிய ஜூல் மொய்னோ 1895-இல். மூலத்துக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை. ஆனால் அண்மையில் யாரோ திருத்திப் பதிப்பித்த பிரதிக்கு இருக்கலாம், பழைய அச்சையே எடுங்கள். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையச் சேமிப்பான கல்லிகாவிலும், பழைய இசைப்பிரதிகள் உள்ள ஐஎம்எஸ்எல்பி (IMSLP) தளத்திலும் தேடுங்கள். பியானோ பாட்டுப் பிரதிகளில் பெரும்பாலும் வசனம் இருக்காது, வசனப் புத்தகம் தனியாக அச்சானது. இரண்டும் கைக்கு வந்தபிறகுதான் ஆளைப் பேசவேண்டும்.

வேலையில் பாதி பாட்டு வரிகளில்தான். இதில் பொலேரோ என்ற ஸ்பானிய நடனத் தாளத்தில் வரும் பாட்டின் முதலடி ‘லா லூன பிரீய’, அதாவது நிலா ஒளிர்கிறது. ஐந்து அசை, இரண்டாவதிலும் நாலாவதிலும் அழுத்தம். பொருளை அப்படியே கொண்டுவந்து ‘வெண்ணிலவு ஒளிர்கிறது’ என்று எழுதினால் எல்லாம் குறில். நீட்டவேண்டிய ஸ்வரத்தில் பாடகர் ‘வெண்ணிலவூ’ என்று இழுப்பார், சொல் கெட்டுப்போகும். ‘நிலாவின் ஜாலம், விண்மீனின் கோலம்’ என்று எழுதிப் பாருங்கள். லா, ஜா, மீ, கோ நான்கும் நெடில், நாலும் சரியான இடத்தில் விழுகின்றன. பிரெஞ்சில் உள்ள இயைபும் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு அடியையும் இப்படி எண்ணித்தான் எழுதவேண்டும். அகராதிப் பொருள் கொஞ்சம் நழுவினாலும் கேட்டவுடன் புரியவேண்டும். புரியாத நகைச்சுவைக்கு எவ்வளவு நல்ல குரலும் உதவாது.

பாடகர்களுக்குப் பஞ்சமில்லை. நம்ம ஊர் சபைகளில் பாமாலையை நான்கு குரலில் பாடும் கொயர்காரர்கள் இருக்கிறார்கள், சொல்பா (டோ, ரே, மீ எழுத்துக் குறிப்பு) படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள். நகைச்சுவைக்கு மட்டும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர் ஒருவரைத் தேடுங்கள். குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, எந்த நொடியில் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரியும்.

சுருதியைக் குரலுக்குத் தக்கபடி அரைக்கட்டை, ஒரு கட்டை இறக்கலாம். கட்டைகளை நகர்த்திச் சுருதியை மாற்றும் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் இருந்தால் சுலபம். ஆனால் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கவைக்கும் சுருதி ஸ்டாப்பைக் கட்டாயம் மூடிவையுங்கள். பாட்டு நடுவில் ஆதார ஸ்வரம் மாறுவது இந்த இசையின் இயல்பு; சுருதி ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அபஸ்வரம் கேட்கும், பாடுகிறவர் தான் தப்பு செய்ததாக நினைத்து நிறுத்திவிடுவார். இன்னொன்று: நாடகத்துக்கு ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவருக்கு வசன இடைவெளியை நிரப்பும் பழக்கம் உண்டு. இங்கே அந்த வெற்றிடத்தில்தான் சிரிப்பு வரும், விரலை எடுக்கச் சொல்லுங்கள். டோலக்காரரிடம் பொலேரோ மூன்று எண்ணிக்கை என்று முதல் நாளே சொல்லி, பாட்டு முடிவில் மும்முறை அடித்து முடிக்கும் தீர்மானம் வைக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதாஷோன் கையில் ட்ராம்போன் என்ற, குழாயை இழுத்து ஊதும் பித்தளை வாத்தியம் வேண்டும். உள்ளூர் பேண்டு செட்டில் கேட்டுப்பாருங்கள். கிடைக்காவிட்டால் தகரத்தில் செய்துகொண்டு, திரைக்குப் பின்னால் யூபோனியம் என்ற பேண்டு ஊதுகருவியை ஊதச் செய்யலாம். குழாய் நீண்டு பக்கத்து ஆளை இடிக்கும் அழகு வேறு எந்தக் கருவியிலும் வராது, அதனால் தகரமானாலும் இழுபடவேண்டும்.

இடத்துக்கான சண்டையைச் சீட்டாடித் தீர்க்கப்போகிறார்கள். குருடர் இருவரும் சீட்டைப் பார்க்கிறார்கள் என்பதே முழு நகைச்சுவை. தலை அசையக்கூடாது, கருவிழி மட்டும் எதிராளி கைக்குப் போய் வரவேண்டும். கறுப்புக் கண்ணாடி மாட்டினால் இது செத்துவிடும். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளி இருக்கிற ஊர். தடுமாறுவது, தட்டி விழுவது போன்ற சேட்டைகளை ஒத்திகையிலேயே வெட்டிவிடுங்கள். கேலி போலிகளைப் பற்றியது, பார்வை இல்லாதவர்களைப் பற்றியதல்ல. பள்ளிக்காரர்களை ஒத்திகைக்கு அழைத்துக் கருத்துக் கேட்பது நல்லது.

கதையைப் பாரிஸிலேயே விட்டுவிடுங்கள். நம்ம நெல்லை வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாற்றினால் பெயர்களும் பாட்டும் ஒட்டாது. படுதா வரைகிறவருக்கு மட்டும் தாமிரபரணி மேல் 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தைக் காட்டலாம். கல் வளைவும் கைப்பிடிச்சுவரும் அவருக்குப் பிடிபடும். மேடையில் அந்தச் சுவர் இடுப்பளவு, சாய்ந்தால் ஆடாத பலகையில்.

ஆனி, ஆடியில் திறந்தவெளி வேண்டாம், மேற்குக் காற்று மைக்கில் விழுந்து வசனத்தை விழுங்கிவிடும். மண்டபமானால் மேடை ஓரத்தில் இரண்டு மைக், ஆர்மோனியத்துக்கு மைக்கே வேண்டாம். முழு ஒத்திகையின்போது கடைசி வரிசையில் நாடகம் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, எந்த வரி காதில் விழவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். அந்த வரிகளைத் திருத்தி எழுதியபிறகு நோட்டீஸ் அடிக்கலாம்.