கூலியை முதலில் எழுதுங்கள், விலையை அப்புறம்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். குர்த்தியும் பிளவுஸும்தான் அதிகம். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்கள், "அக்கா, குர்த்திக்கு என்ன ரேட் வைக்கலாம்?" என்று கேட்பார்கள். சிக்பேட்டைத் துணி விலையையும் ஆன்லைனில் மற்றவர்கள் விற்கும் விலையையும் பார்த்து ஒரு ரேட் போட்டுவிட்டு, மிஞ்சுவதைத் தைப்பவருக்குக் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

புது மாடல் வந்ததும் தைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் நேரம் பாருங்கள். யூனிட்டிலேயே வேகமான கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நடுத்தரமாகத் தைப்பவரை எடுங்கள். கழுத்துக்கு பைப்பிங் (ஓரத்தில் வைக்கும் மெல்லிய துணிப் பட்டை) வைப்பது, பாபின் மாற்றுவது, அறுந்த நூலைக் கோப்பது எல்லாமே அந்த நேரத்தில் சேரும். 8 மணி நேரத்துக்கு 800 ரூபாய் கூலி என்று வைத்தால் மணிக்கு 100. ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் குர்த்திக்கு பீஸ் ரேட், அதாவது ஒன்று தைக்கும் கூலி, 150-க்குக் கீழே இறங்கக் கூடாது. காஜா (பட்டன் துளை), பட்டன், அயர்னுக்குக் கூலி தனி. இதை நோட்டில் எழுதிய பிறகு துணி, வாடகை, கரண்ட், உங்கள் சம்பளம், லாபம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். வருகிற விலை கட்டுப்படியாகவில்லையா? பைப்பிங்கை எடுத்துவிடுங்கள், பாக்கெட்டைக் குறையுங்கள். கூலியில் கை வைக்காதீர்கள். ஆடித் தள்ளுபடியும் உங்கள் லாபத்திலிருந்துதான் போக வேண்டும்.

சாம்பிள் தைத்தாலும் கூலி உண்டு. ஆர்டர் கேன்சல் ஆனாலும் தைத்த பீஸுக்குப் பணம் கொடுத்துவிடுங்கள்.

தீபாவளி நெருக்கத்தில் ராத்திரி வேலை வரும். தொழிற்சாலைகளில் ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. சின்ன யூனிட்டிலும் நான் அதையேதான் கொடுக்கிறேன். "நாளைக்கே வேண்டும்" என்பவரிடம் அர்ஜெண்ட் சார்ஜ் கேட்கத் தயங்காதீர்கள், அது முழுவதும் தைத்தவர் கைக்குப் போகட்டும்.

சென்னிமலை, சேலம் பக்கம் கைத்தறித் துணி எடுப்பவர்கள் ஆர்டரோடு நெசவாளருக்கு முன்பணம் அனுப்புங்கள். பாவு நூலுக்கு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) அவரைக் கடன் வாங்க வைக்காதீர்கள். பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டில் தறி போட்டிருப்பவருக்கு அதுவே நீண்ட காலம். சரக்கைப் பிரித்துப் பார்த்த அன்றே பாக்கியை அனுப்பிவிடலாம்.

அப்புறம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு). 2016-இல் பி.எஃப். பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தபோது, ஏப்ரலில் இதே ஊரில் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கி அதை வாபஸ் வாங்க வைத்தார்கள். அந்தப் பணம் அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். யூனிட்டில் 10 பேர் சேர்ந்துவிட்டால் இ.எஸ்.ஐ. கட்டாயம், 20 பேர் என்றால் பி.எஃப். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், இன்றைக்கே ஆளுக்கொரு நோட்டுப் போடுங்கள். சேர்ந்த தேதி, தைத்த பீஸ், கொடுத்த பணம், உங்கள் இருவர் கையெழுத்து. தமிழோ கன்னடமோ, அவர் வாசிக்கும் மொழியில் எழுதி, நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டு நீங்கள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.